கணக்குக் குளிசையின் கதை

1937 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரே மருந்தை வைத்து இரண்டு விசயங்கள் நடந்தன. முதலாவதைப் பற்றி மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனா எங்களைப் போல கம்பஸில் இருக்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் சட்டென்று விளங்கும்.

முதலாவது ரோட் ஐலண்ட் மாநிலத்தில், சிறுவர்களுக்கான மனநல வைத்தியசாலை ஒன்றில் நடந்தது. அங்கே சார்ள்ஸ் பிராட்லி என்ற டொக்டர், பிள்ளைகளின் மூளையை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதற்காக முள்ளந்தண்டிலிருந்து நீரை வெளியே எடுப்பார். அந்தப் பரிசோதனைக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கடுமையான தலையிடி வரும். எடுத்த நீர் திரும்பச் சுரந்தால் இடி குறையும் என்று நினைத்து, அப்போது சந்தைக்குப் புதிதாக வந்திருந்த பென்செட்ரினைக் கொடுத்துப் பார்த்தார். அது ஒரு அம்பெட்டமின். தலையிடி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வகுப்பில் ஒரு இடத்தில் இருக்காத பிள்ளைகள் குந்தியிருந்து கணக்குச் செய்யத் தொடங்கினார்கள். 30 பிள்ளைகளுக்குக் கொடுத்து முறையாகக் கவனித்தபோது 14 பேருடைய படிப்பில் பெரிய மாற்றம் தெரிந்தது. பிள்ளைகள் தாங்களாகவே அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள்: கணக்குக் குளிசை. அந்த வருடம் நவம்பரில் பிராட்லி எழுதிய கட்டுரையிலிருந்துதான், இன்றைக்கு ஏடிஎச்டி என்று சொல்கிற கவனக்குறைவுக் கோளாறுக்கு மருந்து கொடுக்கிற வரலாறு தொடங்குகிறது.

இரண்டாவது மினசோட்டா பல்கலைக்கழகத்தில். அங்கே உளவியல் துறை ஆட்கள் இதே பென்செட்ரினை மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். போட்டவர்களுக்கு நித்திரை வரவில்லை, களைப்புத் தெரியவில்லை. கதை விடுதி முழுக்கப் பரவிவிட்டது. சோதனைக்குக் கூப்பிடப்படாதவர்களும் பாமசிக்குப் போய் வாங்கி, எக்ஸாமுக்கு முதல் நாள் இரவு போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார்கள். மே மாதமே டைம் சஞ்சிகை இதைப் பற்றி எச்சரித்து எழுதிவிட்டது.

திகதியைக் கவனியுங்கள். பிராட்லியின் கட்டுரை நவம்பரில்தான் வருகிறது. அந்தக் குளிசை ஒரு கோளாறுக்கு மருந்து என்று உலகத்துக்குத் தெரிவதற்கு ஆறு மாதம் முந்தியே, மாணவர்கள் அதைப் படிக்கிற குளிசையாக்கி விட்டார்கள். 'முதலில் மருந்து இருந்தது, பிறகுதான் நோயாளிகளின் கையிலிருந்து அது வெளியே கசிந்தது' என்ற வழமையான கதை இந்த இடத்திலேயே சரிவருவதில்லை. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வருசத்துப் பிள்ளைகள்.

இதை நாங்கள் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கட வாசிப்பு வட்டத்தில் இருக்கிற ஒரு அக்காவுக்கு இருபத்திநாலு வயதில்தான் ஏடிஎச்டி என்று கண்டுபிடித்தார்கள். கிளினிக்கில் மெதைல்பெனிடேட் கொடுக்கிறார்கள். முதலில் அவ அதை யாருக்கும் மறைக்கவில்லை. பிறகு செமஸ்டர் எக்ஸாம் வந்தது. "அக்கா, அந்த ஃபோகஸ் குளிசை ஒண்டு தாங்களன்" எண்டு ஒருத்தர். அடுத்த நாள் இன்னொருத்தர், காசு தாறன் எண்டு. இல்லை என்று சொன்னதுக்குக் கோவிச்சவங்களும் இருக்கிறாங்க. இப்போது அவ யாரிடமும் சொல்வதில்லை.

இது அவவுக்கு மட்டும் நடந்தது அல்ல. வில்லன்ஸ் என்ற மனநல ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2008 இல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். டொக்டரின் துண்டில் இந்த வகை மருந்து எடுக்கிற மாணவர்களில் 16 முதல் 29 வீதம் பேரிடம் யாராவது வந்து 'கொடு, வில், மாத்து' என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் யார் என்பதற்கு வேறொரு ஆய்வு பதில் சொல்கிறது. 2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, அந்த நாட்டில் ஒரு வருடத்தில் சுமார் 50 இலட்சம் வளர்ந்தவர்கள் இந்த மருந்துகளைத் தவறாகப் பாவித்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் உசாராக இருக்க, கவனமாகப் படிக்க, வேலை செய்ய. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்து கிடைத்தது சிநேகிதர்களிடமிருந்தோ சொந்தக்காரர்களிடமிருந்தோ, சும்மா, காசில்லாமல். கடத்தல்காரன், இருட்டுச் சந்து, பொலிஸ் துரத்தல் ஒண்டும் இல்லை. நல்ல பிள்ளைகள் நல்ல பிள்ளைகளிடம் வாங்குவது.

'நல்ல பிள்ளைகள்' என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. இந்த மருந்துக் குடும்பத்தின் வரலாறு முழுக்க அதைத் தவறாகப் பாவித்தவர்கள் மரியாதையான ஆட்கள்தான். 1885 இல் ஜப்பானியரான நகாயி நகாயோசி ஒரு மூலிகையிலிருந்து எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். 1887 இல் ருமேனியரான லசார் எடெலேயானு பெர்லினில் அம்பெட்டமினைச் செய்தார். 1893 இல் நகாயி மெத்தம்பெட்டமினைச் செய்தார். மூவருக்கும் அல்ல, இருவருக்குமே இதால் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. 1938 இல் ஜெர்மனியின் டெம்லர் கம்பனி மெத்தம்பெட்டமினைப் பெர்விட்டின் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. இராணுவ மருத்துவரான ஒட்டோ ராங்கே அதை யாரில் சோதித்தார் தெரியுமா? 90 பல்கலைக்கழக மாணவர்களில். திரும்பவும் நாங்கள்தான்! 1940 ஏப்ரலுக்கும் யூலைக்கும் இடையில் ஜெர்மன் படைகளுக்கு மூன்றரைக் கோடி குளிசைகள் போயின. பிற்காலத்தில் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கிய ஹைன்ரிஹ் பொல் அப்போது ஒரு இளம் சிப்பாய். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விட்டின் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஜப்பானிலும் இதே மருந்து பிலோபொன் என்ற பெயரில் விற்றது. யுத்தம் முடிய, மிஞ்சின இருப்பு சந்தைக்கு வந்தது. 1951 இல் தனிச் சட்டம் போட்டும் 1954 இல் மட்டும் 55 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள்.

அந்த மெத்தம்பெட்டமினுக்குத்தான் எங்கட ஊரில் இப்போது 'ஐஸ்' என்று பெயர். 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி இலங்கையில் ஐந்து கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கலாம். அமெரிக்காவில் இதே பொருள் டெசொக்சின் என்ற பெயரில் ஏடிஎச்டிக்கு மருந்தாக இன்னும் அனுமதியில் இருக்கிறது. அளவும் வழியும் வேறே, மூலக்கூறு ஒன்று. இதைச் சொன்னா 'அப்ப ஏடிஎச்டிக் குளிசை ஐஸ்தானே' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அல்ல. இங்கே கிளினிக்கில் கொடுக்கிற மெதைல்பெனிடேட் வேறொரு மூலக்கூறு. 1944 இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனியில் லியாண்ட்ரோ பனிசொன் செய்தது. மனைவி ரீட்டா டெனிஸ் விளையாடப் போகுமுன் அதைப் போடுவாராம். ரிட்டலின் என்ற பெயர் அவவுடையது.

இனி ஸ்டொக்ஹோமுக்கு வருவோம். நோயாளியின் கையிலிருந்து மருந்து அடுத்தவன் கைக்குப் போனால் கடைசியில் தண்டம் கட்டுவது யார் என்று விளங்குவதற்கு இதைவிட நல்ல கதை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

1960களில் சுவீடனில் அம்பெட்டமின் வகை மருந்துகளை ஊசியாக ஏற்றுகிற பழக்கம் பரவியிருந்தது. அவர்களைப் பொலிசிடம் கொடுக்கிறதை விட டொக்டரிடம் கொடுப்பது நல்லது என்று சிலர் வாதாடினார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, நாங்களும் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் அந்தப் பக்கம்தான் நின்றிருப்போம். 1965 வசந்த காலத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. நூற்றுச்சொச்சம் பேருக்கு அம்பெட்டமினும் ஓப்பியம் வகை மருந்துகளும் டொக்டரின் துண்டிலேயே சட்டப்படி கிடைக்கும். எவ்வளவு வேண்டும் என்பதை நோயாளியே சொல்லலாம். முடிந்துபோனால் திரும்ப வரலாம். திட்டத்தில் அதிகம் எழுதிக்கொடுத்த டொக்டரின் பெயர் ஸ்வென் எரிக் ஓஸ்ட்ரோம்.

நடந்தது என்ன? வாங்கியவர்கள் சிநேகிதர்களுக்குக் கொடுத்தார்கள். கொடுப்பது டொக்டர்மாருக்கும் தெரியும். சிநேகிதனுக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்த துண்டுகளும் இருந்தன. இரண்டு வருடத்தில் இலட்சக்கணக்கான அளவுகள் அந்த நூற்றுச்சொச்சம் பேர் வழியாக நகரத்துக்குள் போயின. 1967 இல் பதினேழு வயதுப் பெண்பிள்ளை ஒருவர் இறந்து கிடந்தார். உடலில் இருந்த மருந்து, திட்டத்தில் இருந்த ஒருவரிடமிருந்து வந்தது. அந்த வருடமே திட்டத்தை மூடினார்கள். 1968 இல் இந்த வகை மருந்துகளைச் சாதாரணத் துண்டில் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி அனுமதி எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது.

ஊசி ஏற்றினவர்களுக்கு இந்தத் தடையால் பெரிய நட்டம் இல்லை. கள்ளச் சந்தையில் அவர்களுக்குத் தொடர்ந்து கிடைத்தது. நட்டம் யாருக்கு என்றால், இந்தக் கதையில் எந்த இடத்திலும் இல்லாதவர்களுக்கு. மெதைல்பெனிடேட் மருந்தொன்றுக்குச் சுவீடனில் வழமையான அனுமதி திரும்பக் கிடைத்தது 2002 இல். 1968 இல் பத்து வயதாக இருந்த ஒரு பிள்ளைக்கு அப்போது நாற்பத்திநாலு வயது. அந்தப் பிள்ளை யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

உலகம் முழுக்கவும் அந்தக் காலத்தில்தான் கதவுகள் மூடப்பட்டன. 1971 இல் வியன்னாவில் எழுதப்பட்ட உளவழி மருந்துகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை அம்பெட்டமினையும் மெதைல்பெனிடேட்டையும் ஒரே அட்டவணையில் போட்டது.

பெயர்ப்பட்டியல் வைத்து மருந்து கொடுக்கிற யோசனை எங்கட நாட்டுக்கும் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் அபின் இங்கே கடைகளில் ஏலக் குத்தகைக்கு விற்றது, அரசாங்கத்துக்கு நல்ல வருமானம். எதிர்ப்புக் கிளம்ப, 1910 ஆம் ஆண்டின் சட்டம் கடைகளை மூடி, பதிவு செய்த பழக்கக்காரர்களுக்கும் நாட்டு வைத்தியர்களுக்கும் மட்டும் அரசாங்கமே அபின் கொடுக்கும் என்று மாற்றியது. நாட்டு வைத்தியருக்கு மருந்து செய்ய அபின் உண்மையாகவே தேவை. ஆனால் மருந்துக்கென்று எடுத்தது எல்லாம் மருந்துக்குத்தான் போனதா என்ற சந்தேகம் அன்றைக்கே கூடவே வந்துவிட்டது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் அந்தச் சந்தேகத்தின் மேல் கட்டப்பட்ட சட்டம். மேலே சொன்ன 2022 திருத்தம் இதற்குத்தான். தேவைப்பட்டவரையும் திருப்பி விற்பவரையும் சட்டத்தால் லேசில் பிரிக்க முடிவதில்லை. அதனால் ரெண்டு பேரையும் ஒரே கண்ணால் பார்க்கும்.

அமெரிக்கா சுவீடனுக்கு நேர் எதிரான திசையில் போனது. 1996 இல் அடரோல் வந்தது. அது புது மருந்தும் அல்ல. ஒபெட்ரோல் என்ற பெயரில் உடம்பு மெலியக் கொடுத்த பழைய அம்பெட்டமின் கலவையைப் பெயர் மாற்றி விற்றார்கள். கொவிட் காலத்தில் டொக்டரை நேரில் பார்க்காமலே துண்டு வாங்கலாம் என்று விதியைத் தளர்த்த, டன் என்ற இணையக் கம்பனி மாதச் சந்தா வாங்கிக்கொண்டு துண்டு எழுதியது. 2024 யூனில் அதன் நிறுவுநரைக் கைது செய்தபோது அமெரிக்க நீதித் திணைக்களம் சொன்ன கணக்கு: 4 கோடிக்கு மேற்பட்ட குளிசைகள், 10 கோடி டொலருக்கு மேல் வருமானம். இடையில் 2022 ஒக்டோபரில் நாடு முழுக்க அடரோல் தட்டுப்பாடு என்று அரசாங்கமே அறிவித்தது. தட்டுப்பாட்டுக்கு உற்பத்தித் தாமதம் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் பாமசி பாமசியாக அலைந்தவர்கள், சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர்கள், பழைய ஆட்கள்தான்.

சரி, எல்லாம் இருக்கட்டும். போட்டா படிப்பு ஏறுமா? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

1978 இல் ஜூடித் ரப்பபோர்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், எந்தக் கோளாறும் இல்லாத 14 சின்னப் பையன்களுக்கு டெக்ஸ்ட்ரோ அம்பெட்டமின் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கும் துடிப்புக் குறைந்தது, கவனம் கூடியது. ஆகவே, 'எனக்குக் குளிசை வேலை செய்தது, அப்ப எனக்கும் ஏடிஎச்டி' என்று முடிவு கட்ட முடியாது. இந்த மருந்துகள் மூளையில் டொபமினையும் நோர்அட்ரினலினையும் கூட்டும், யாருடைய மூளையானாலும். இன்னொரு பக்கம், 2023 இல் மெல்பன் ஆய்வாளர்கள் ஏடிஎச்டி இல்லாத 40 பேருக்கு மெதைல்பெனிடேட், டெக்ஸ்ட்ரோ அம்பெட்டமின், மொடபினில் ஆகியவற்றையும் வெறும் குளிசையையும் மாறி மாறிக் கொடுத்து, எந்தச் சாமானை எந்த அளவில் பைக்குள் போட்டால் அதிக பெறுமதி வரும் என்ற மாதிரிச் சிக்கலான கணக்குகளைச் செய்ய வைத்தார்கள். மருந்து போட்டவர்கள் கூட நேரம் செலவழித்தார்கள், கூட முயற்சி செய்தார்கள். ஆனால் முயற்சியின் தரம் இறங்கிவிட்டது. வெறும் குளிசையில் நன்றாகச் செய்தவர்களில் கனபேர் மருந்தோடு சராசரிக்குக் கீழே போனார்கள். இரவு முழுக்க முழிச்சிருந்து நோட்ஸில் எல்லா வரிக்கும் மஞ்சள் கோடு போட்டுவிட்டு எக்ஸாம் ஹோலில் ஒன்றும் வராமல் இருந்த ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இருதயத் துடிப்பு, பிரசர் கூடுவது, நித்திரை குலைவது, தொடர்ந்து எடுத்தால் பழக்கமாவது எல்லாம் தனி. டொக்டர் கொடுக்கும்போது அளவைக் குறைவாகத் தொடங்கி, பிரசர் பார்த்து, மெல்ல மெல்லக் கூட்டுவதும் அதனால்தான். அந்த அக்காவே ஒருமுறை அசைன்மென்ட் நெருக்கடியில் ஒரு நாளில் ரெண்டு நாள் அளவைப் போட்டுவிட்டு, இரவு முழுக்க நெஞ்சு அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்ததாகச் சொன்னா. மருந்து உரியவரின் கையிலேயே தவறாகப் போவதும் இந்தக் கதையில் ஒரு பகுதி. அதை யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள், அதனால் கணக்கிலும் வராது.

மட்டக்களப்பில் இந்த மருந்து தெருவில் விற்கிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இங்கே பத்திரிகையில் அடிக்கடி வருவது பிரிகபலின், ட்ரமடோல் குளிசைகளோடு ஆட்கள் பிடிபட்ட செய்தி. ஒன்று நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும், மற்றது நோவுக்கும் கொடுக்கிறது. இரண்டும் முறையான மருந்துகள். அவற்றின் பெயர் செய்தியில் வந்த பிறகு, உண்மையாகவே நரம்பு நோவுள்ள ஒரு சீனி வருத்தக்கார அப்பா பாமசியில் துண்டை நீட்டும்போது எப்படிப் பார்க்கப்படுகிறார் என்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஸ்டொக்ஹோமில் நடந்ததின் சின்ன வடிவம் அது.

எங்கட பக்கத்தில் இன்னொரு சிக்கல். இங்கே வருத்தம் என்றால் ஒதுக்குகிற பழக்கம் நீண்டது. வாவிக்கு நடுவில் இருக்கிற மாந்தீவில் தொழுநோயாளர்களுக்கென்று வைத்தியசாலை வைத்திருந்தார்கள், கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில். மனநோய்க்கும் மனதளவில் ஒரு தீவு எப்பவும் இருந்தது. யுத்த காலத்திலும் 2004 சுனாமிக்குப் பிறகும் மகேசன் கணேசன் போன்ற மனநல வைத்தியர்கள் சிகிச்சையைப் பெரிய கட்டடத்திலிருந்து கிராமத்துக் கிளினிக்குகளுக்குக் கொண்டுவந்ததால்தான், துண்டோடு போய் வரிசையில் நிற்கிற அளவுக்காவது சனம் வந்திருக்கிறது. வளர்ந்தவர்களின் ஏடிஎச்டி இதற்கும் பிந்தி வந்த பேச்சு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூலே கவனக்குறைவை ஒரு தனிக் கோளாறாக எழுதி, வளர்ந்த பிறகும் அது மிஞ்சலாம் என்று ஒத்துக்கொண்டது 1980 இல்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வளர்ந்த ஒரு பிள்ளை வகுப்பில் கவனமில்லாமல் இருந்தால் அதற்குக் காரணம் தேட யாருக்கும் நேரம் இல்லை. ஷெல் சத்தம், இடம்பெயர்வு, அப்பா காணாமல் போனது என்று காரணங்கள் நிறையவே கண்ணுக்கு முன்னால் இருந்தன. மிச்சமானவர்களுக்குக் குழப்படிக்காரன், மறதிக்காரி, பொறுப்பில்லாதது என்ற பெயர்கள் போதுமாக இருந்தன. அந்தப் பெயர்களோடு வளர்ந்தவர்கள் இப்போது முப்பது, நாற்பது வயதில் முதன்முதலாகக் கிளினிக் வாசலுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று, "எக்ஸாமுக்குப் போடத்தானே கேக்கிறீங்க" என்று யாராவது கேட்கிற காலமும் வந்தால், திரும்பிப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட ஆள் இல்லை.

அந்த அக்கா படுவான்கரைப் பக்கம். வாவியைப் பாதையில் கடந்து, பஸ் மாறி, மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்கு வருவா. ஒரு மாதத்துக்கு எண்ணித்தான் கொடுப்பார்கள். 2022 இல் நாட்டில் மருந்துகள் இல்லாமல் போனபோது வெறுங்கையோடு திரும்பிய சனத்தை அவவும் பார்த்தவ. ஒன்றுதானே என்று கேட்டவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று நாங்கள் கேட்டபோது சட்டம், ஆபத்து ஒன்றையும் அவ சொல்லவில்லை. "எக்ஸாம் கிழமையில மூண்டு பேருக்குக் குடுத்தா, மாசக் கடைசியில மூண்டு நாளைக்கு எனக்கு இல்ல. முந்தியே போய் நிண்டா, ஏன் முடிஞ்சது எண்டு கேப்பாங்க. கொப்பியில எழுதுவாங்க."